சப்பிரகமுவத் தோட்டங்களிற் கைமாறிய பண்டங்கள்

புதிய பொருளுக்கு விலை வைப்பவன் வணிகன். பழைய பொருளுக்கு விலை வைப்பது பெரும்பாலும் விற்பவனுடைய அவசரமே. நல்ல நிலையிலுள்ள தையல் இயந்திரம் ஒன்று பாதி விலைக்குக் கிடைத்ததென்றால், வாங்கியவன் தன் நற்காலத்தை மெச்சிக்கொள்வான். வரலாற்றை ஆராய்பவனோ, விற்றவனுக்கு அன்று நேர்ந்தது யாது என்று வினவுவான். இவ்வினாவை மனத்திற்கொண்டு இலங்கையின் சப்பிரகமுவ மாகாணத்துத் தோட்டங்களை நோக்கினால், அங்குள்ள குடும்பங்களின் நூறாண்டுக் கதையை அவர்களுடைய பழம் பாத்திரங்களே கூறிவிடும்.

மேலைநாடுகளில் பழம்பொருள் வாணிபம் நெடுநாளைய தொழில். இலண்டன் மாநகரின் ஹவுண்ஸ்டிச் பகுதியில் நடைபெற்ற பழந்துணிச் சந்தையைப் பற்றி ஹென்றி மேஹியூ என்பார் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் விரிவாக எழுதிவைத்தார். அங்கிருந்து துணிகள் மூட்டை மூட்டையாக அயர்லாந்துக்கும் கடல்கடந்த பிற நாடுகளுக்கும் சென்றன. 1902ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்டன் நகரிலே எட்கர் ஹெல்ம்ஸ் என்ற பாதிரியார், செல்வர் வீட்டுப் பழந்துணிகளைத் திரட்டி, ஏழைகளைக் கொண்டே அவற்றைச் செப்பனிட்டு விற்கும் பணியைத் தொடங்கினார். இத்தகைய கடைகளில் கொடுத்தவன் யாரென்று கொள்பவன் அறியான். அறிய வேண்டிய தேவையும் அவனுக்கு இல்லை. சப்பிரகமுவத் தோட்டங்களில் நிலைமை வேறு. அங்கே கடை என்று ஒன்று இருந்ததில்லை. விற்றவர் பக்கத்துக் காம்பராவில் இருந்தவர். வாங்கியவர் அவருடன் ஒரே பிரட்டுக்களத்தில் நின்றவர், அல்லது வேலிக்கு அப்பாலுள்ள சிங்களக் கிராமத்தவர்.

இம்மாகாணத்தின் அமைப்பையும் இங்கே கருதுதல் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை என்னும் இரு மாவட்டங்களையும் கொண்டது சப்பிரகமுவ. நுவரெலியாப் பக்கத்தைப் போன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலையே விரிந்து கிடக்கும் நாடன்று. பலாங்கொடை, இறக்குவானை, தெரணியகலை ஆகிய இடங்களில் மலைச் சரிவுகளிலே தேயிலை உண்டு. எட்டியாந்தோட்டை, தெஹியோவிற்றை, ருவான்வெல்லைப் பக்கங்களிற் பெரும்பாலும் இறப்பர். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையே வயலும் கிராமமும் இடம்பெற்றுள்ளன. ஆகவே தோட்டத்தில் விற்கப்படும் குடமோ கோழியோ வேலியைத் தாண்டிச் செல்வதற்கு நெடுந்தூரம் இல்லை.

தோட்டத் தொழிலாளி தன் சேமிப்பை எதில் வைத்தான்? வீட்டில் வைக்க இயலாது, லயம் துரைமாருடையது. நிலத்தில் வைக்க இயலாது, நிலமும் அவ்வாறே. எஞ்சியவை தூக்கிக்கொண்டு போகக்கூடிய பொருள்கள்தாம்: பித்தளைக் குடம், வெண்கலப் பானை, செம்பு, குத்துவிளக்கு, மனைவியின் தோடு, மூக்குத்தி. சற்று வசதி கண்டவர்களுக்குக் கொட்டிலில் ஒரு பசு. பாத்திரத்தைப் பாத்திரமாக மாத்திரம் அவர்கள் கருதவில்லை. அது வங்கிக் கணக்கு, பெண்ணுக்குச் சீர், ஆபத்துக்கு அடகு. கழுத்துப் பக்கத்தில் குடும்பத் தலைவரின் பெயரோ முதலெழுத்துகளோ உளியாற் புள்ளி புள்ளியாக வெட்டப்பட்டிருக்கும். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து அவர்களுடன் வந்த வழக்கம் அது. காணி உறுதியும் வீட்டுப் பத்திரமும் இல்லாத ஒருவனுடைய பெயர், அவனுக்குச் சொந்தமான பொருள்மீது எழுதப்பட்ட ஒரே இடம் அதுவாகத்தான் இருந்திருக்கும்.

அவனுடைய பெயர் எழுதப்பட்ட வேறோர் ஏடும் உண்டு. அது கடன் ஏடு. துண்டு முறை வழங்கிய காலத்திலே, தொழிலாளியின் கடன் இன்ன தொகை என்று குறித்த சீட்டே அவனைத் தோட்டத்திலிருந்து தோட்டத்துக்கு மாற்றியது. அக்கடனைத் தீர்க்க ஒப்புக்கொண்ட தோட்டம் அவனைப் பெற்றுக்கொண்டது. 1921ஆம் ஆண்டில் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. குளிருக்குப் போர்த்த அவனுக்குத் தந்த கம்பளியின் விலையும் சம்பளத்திலே கழிக்கப்பட்டது. பழையன வாங்குவதிலும் பழையனவற்றைப் பேணுவதிலும் தோட்ட மக்கள் காட்டிய திறமைக்கு இக்கடன் வாழ்வே ஆசான் எனலாம். அரிசிச் சாக்கும் உரச் சாக்கும் கொழுந்து பறிக்கும் பெண்களின் இடுப்பிற் படங்காயின. உடைந்த தேயிலைப் பெட்டியின் பலகை அலுமாரியாகவும் தொட்டிலாகவும் மாறியது.

துரை பங்களாவிலிருந்தும் பழம்பொருள்கள் இறங்கிவந்தன. தலைப்பாகையும் வேட்டியும் அணிந்து, மேலே கம்பளிக் கோட்டு மாட்டி நிற்கும் கங்காணியைப் பழைய புகைப்படங்களிற் காணலாம். துரை கழித்த கோட்டு கங்காணியின் தோளில் பட்டமாக விளங்கியது. துரைமார் சீமைக்குத் திரும்பும்போது பங்களாத் தளபாடங்களை விற்றுச் செல்வது குடியேற்ற நாடுகள் எங்கணும் இருந்த வழக்கம். நீண்ட கைகளையுடைய சாய்வு நாற்காலி, முதிரை மேசை, பீங்கான் தட்டுகள், இசைத்தட்டுப் பெட்டி ஆகியவை ஏலத்திற் போகும். நல்லவை கொழும்புக்குச் செல்லும். மற்றவை பட்டணத்து வணிகருக்கும் தோட்ட உத்தியோகத்தருக்கும் உரியனவாகும். மிஞ்சியவை பங்களா அப்புவின் வீட்டை அடையும். 1975ஆம் ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையானபோது இவ்வகைக் கைமாற்றங்களும் அநேகமாக ஓய்ந்தன. துரைக்குத் தன் பொருளை விற்பதில் நட்டம் நேர்ந்திருக்கலாம். ஆனால் அவர் போகும் நாளைத் தாமே குறித்துக்கொண்டார். தொழிலாளிக்கு அவ்வுரிமை வாய்க்கவில்லை.

அவனை வெளியே தள்ளிய முதல் அலை 1930களின் தொடக்கத்திலே வந்தது. உலகப் பொருளாதார மந்தத்தால் இறப்பர் விலை அதலபாதாளத்துக்கு இறங்கியது. இறப்பரை நம்பிய கேகாலைத் தோட்டங்களிற் பால் வெட்டுவது இலாபம் தராத தொழிலாயிற்று. வேலையிழந்தோர் பலர் இந்தியாவுக்குத் திரும்பினர். 1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மயர் தோட்டத்திலிருந்து தொழிலாளர் வெளியேறுமாறு பணிக்கப்பட்டபோதோ, அவர்கள் எளிதில் அசையவில்லை. அப்பகுதித் தோட்டங்களில் வேலைநிறுத்தம் பரவியது. தலைக்கு மேலுள்ள கூரை தம்முடையதன்று என்பதை அம்மக்கள் முன்னரே அறிந்திருந்தனர்; ஆயினும் அதனை ஏட்டில் எழுதிக் கையில் தருவது வேறு.

இடையில் நல்ல நாள்களும் வந்தன என்பதை மறத்தல் ஆகாது. கொரிய யுத்த காலத்தில் இறப்பர் விலை உயர்ந்தது. 1952இல் இலங்கையும் சீனமும் இறப்பருக்கு அரிசி என்னும் உடன்படிக்கையைச் செய்துகொண்டன. இக்காலப் பகுதியில் லயங்களில் மிதிவண்டியும் தையல் இயந்திரமும் தலைகாட்டின. வானொலிப் பெட்டி ஒன்று வந்துவிட்டால், லயம் முழுவதும் அதன் முன்னே கூடும். பெட்டி பழையதா புதியதா என்று பாட்டுக் கேட்பவர் எவரும் கேட்கவில்லை. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது, இத்தகைய பொருள்கள் பழையனவாயினும் மதிப்புக் கூடின. புதியது கடையிலே கிடையாதெனில், பழையதுதானே அரிய பொருள்?

இந்நிலையிலேதான் ஒப்பந்தம் வந்தது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராய் நின்ற மக்களை இரு நாடுகளும் பங்கிட்டுக்கொள்ள, 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி ஸ்ரீமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் உடன்பட்டனர். 975,000 பேர் எனக் கணிக்கப்பட்டோருள் 525,000 பேரை இந்தியாவும், 300,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவதென்றும் முடிவாயிற்று. அந்த எஞ்சியோரை 1974இல் சரிபாதியாகப் பிரித்தனர். ஒப்பந்தத்தில் உடைமைகளைப் பற்றியும் ஒரு விதி இருந்தது. திரும்பிச் செல்வோர் சேமலாப நிதி, பணிக்கொடை உட்படத் தம் சொத்துகளைக் கொண்டுசெல்லலாம். ஒரு குடும்பம் கொண்டுசெல்ல அனுமதிக்கப்படும் உச்சத் தொகை 4,000 ரூபாவுக்குக் குறைக்கப்படமாட்டாது என்பது அவ்விதி. பணத்துக்கு விதி எழுதினர். அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் எவ்விதி எழுதுவது?

ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்தும் சட்டம் 1967இல் நிறைவேறியது. அதன்பின் கடவுச்சீட்டு வந்த குடும்பத்துக்கு நாள் குறிக்கப்பட்டது. குறித்த நாளுக்குள் புறப்படாதவர் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கியவராவர். 1970களிற் பொலிசாரால் ஏற்றி அனுப்பப்பட்டோரும் உளர். இந்தத் திகதியே சப்பிரகமுவ லயங்களிற் பொருள்களின் விலையை நிர்ணயித்தது. கடவுச்சீட்டு வந்த செய்தி பரவியவுடன் வாங்குவோர் வரத் தொடங்குவர். முதல் வாரத்தில் பசுவுக்கு ஒரு விலை. கடைசி நாளில் வேறொரு விலை. பொறுத்திருந்தால் மலிவாகும் என்பது யாவரும் அறிந்த இரகசியம். கறக்கும் பசு, முட்டையிடும் கோழி, காய்த்து நிற்கும் மரக்கறித் தோட்டம் ஆகியவை கப்பல் ஏறா. அவை வந்த விலைக்குப் போயின. அம்மியையும் உரலையும் விலை பேசுவாரில்லை. அடுத்த காம்பராவுக்கு அவை சும்மா உருண்டன.

இவ்வாறு மலிவாக வாங்கியவரைக் கொடியவர் என்று தீர்ப்புக் கூறுவது எளிது. ஆனால் அது முழு உண்மையன்று. கடைசி நாள்வரை காத்திருந்து பேரம் பேசியோர் கிராமத்திலும் இருந்தனர், லயத்திலும் இருந்தனர். நியாய விலை கொடுத்தோரும் இரு பக்கமும் இருந்தனர். வாங்கிய தொழிலாளியோ பெரும்பாலும் தானும் விண்ணப்பம் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவனே. இன்று அயலானிடம் வாங்கிய அண்டாவை, தன் கடவுச்சீட்டு வந்ததும் அவனே மூன்றாமவனிடம் விற்க நேர்ந்தது. கழுத்தில் ஒருவன் பெயரும் கையில் மற்றொருவன் உரிமையுமாக அப்பாத்திரங்கள் லயம் விட்டு லயம் சென்றன. பெயரை அரத்தால் உராய்ந்து அழிப்பித்தோர் உண்டு. போனவர் நினைவாக இருக்கட்டும் என்று விட்டுவைத்தோரும் உண்டு.

விற்றுத் தீர்ந்தபின் மூட்டைகளோடு தலைமன்னார்ப் புகையிரதம். வழியனுப்புவோரும் புறப்படுவோரும் ஒருசேர அழுதமையால் மலையக மக்கள் அதனை ஒப்பாரிக் கோச்சி என்றே வழங்கினர். தலைமன்னாரிற் கப்பல், கரையேறினால் இராமேசுவரம், அப்பால் மண்டபம் முகாம். அங்கிருந்து சிலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்கும், சிலர் கன்னடநாட்டுச் சுள்ளியா இறப்பர்த் தோட்டங்களுக்கும், மற்றையோர் தாம் கண்டறியாத பூர்வீக ஊர்களுக்கும் சென்றனர். சென்ற இடத்தில் அவர்கள் முதலில் வாங்க வேண்டியிருந்தவை, புறப்படுமுன் விற்றுவந்த அதே பொருள்கள்: குடம், பானை, அம்மி. அங்கே அவற்றுக்குப் புதிய விலை.

தங்கிவிட்டோருக்கும் காலம் இரங்கவில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகெங்கும் உணவு விலையும் எண்ணெய் விலையும் ஏறின. இலங்கையில் அரிசிப் பங்கீடும் மாப் பங்கீடும் சுருங்கின. கிராமத்தானுக்கு மரவள்ளி நட ஒரு துண்டு நிலமாவது இருந்தது. லயத்தானுக்கு அதுவும் அரிது. தோட்டங்களில் இறப்பு விகிதம் உயர்ந்த கொடிய காலம் அது. முதலில் நகை அடகுக்குச் சென்றது. மீட்க இயலாமல் மூழ்கியது. பின்னர் பித்தளை போயிற்று. ஒரு குடத்துக்கு இத்தனை கொத்து அரிசி, இத்தனை இறாத்தல் கிழங்கு என்று பண்டமாற்று நிகழ்ந்தது. பயணத்தை முன்னிட்டு விற்றவனாவது கையிற் காசு கண்டான். பசிக்கு விற்றவன் அதனை அன்றைய இரவே உண்டு தீர்த்தான். சப்பிரகமுவத் தோட்டங்களிற் பாத்திரங்கள் யாவற்றினும் மலிவாக விலைபோன காலம் இதுவே எனக் கருத இடமுண்டு.

1977, 1981, 1983ஆம் ஆண்டு வன்செயல்களிற் பொருள்கள் விலையின்றியே பறிபோயின. 1981 ஓகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பெரிதும் பாதிக்கப்பட்டன. அவ்வாறு பறிபோனவை வாணிபக் கணக்கில் அடங்கா. 1984இல் இராமேசுவரக் கப்பற் சேவையும் நின்றது.

1977க்குப் பின் இறக்குமதிக் கதவு திறந்தது. அலுமினியமும் பிளாஸ்டிக்கும் லயத்துக்குள் நுழைந்தன. குடம் சேமிப்பு என்ற நிலை மாறியது. பிளாஸ்டிக் குடத்தை அடகு பிடிப்பார் எவருமிலர். ஆடைத் தொழிற்சாலைகள் பெருகியபின், ஏற்றுமதியில் கழிக்கப்பட்ட சட்டைகள் பட்டணத்து நடைபாதைகளிற் குவிந்தன. தோட்டச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வழங்கப்படுவது வழக்கமாதலால், அதன் பின்வரும் ஞாயிற்றுக்கிழமையில் அக்குவியல்களைச் சுற்றித் தோட்டப் பெண்கள் நிற்பதைக் காணலாம். தையலை உட்புறமாகப் பிரித்துப் பார்த்து, பொத்தான்களை எண்ணி, வெளிச்சத்திற் பிடித்து ஓட்டை தேடும் அவர்களுடைய கைகளுக்கு அந்தப் பழைய பயிற்சி இன்னும் உண்டு. அச்சட்டைகளில் எவர் பெயரும் இல்லை.

பெயர் வெட்டிய குடங்கள் சில, லயங்களிலும் அயற்கிராம வீடுகளிலும் இன்னமும் பரண்மேற் கிடக்கின்றன. பழைய பித்தளை வாங்குவோர் வரும்போது அவை கீழே இறக்கப்படும். வியாபாரி குடத்தைத் தராசில் வைத்து நிறுத்து, நசுங்கலுக்கும் ஈயப்பற்றுக்கும் கழித்து, கிலோவுக்கு இத்தனை ரூபா என்று சொல்லுவான். கழுத்திலுள்ள எழுத்தை அவன் வாசிப்பதில்லை.