ஏஐஎஸ்: கப்பல்களின் தானியங்கி அடையாள முறை

ஒரு கப்பலின் பெயர், இருக்குமிடம், வேகம், திசை ஆகியவற்றை விஎச்எஃப் வானொலி அலையில் தானாகவே அறிவித்துக்கொண்டிருக்கும் முறை ஏஐஎஸ். கப்பல்கள் மோதிக்கொள்ளாமல் இருக்க வகுக்கப்பட்ட இது, பின்னர் வணிகரும் கடற்படையும் ஒருசேர நம்பும் தரவானது.

1989 மார்ச் 24 அன்று அலாஸ்காவில் எக்ஸான் வால்டெஸ் என்ற கப்பல் தரைதட்டி, சுமார் 1.1 கோடி காலன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. எண்ணெய்க் கப்பல்களைத் தொடர்ந்து கண்காணிக்க வேண்டும் என்ற எண்ணம் அதன்பின் வலுத்தது. ஆனால் பல கப்பல்கள் ஒரே அலைவரிசையில் பேசினால் எதுவும் கேட்காதே! சுவீடனின் ஹோகன் லான்ஸ் உருவாக்கிய நுட்பம் இதைத் தீர்த்தது. ஒவ்வொரு நிமிடமும் 2,250 கூறுகளாகப் பிரியும். ஒவ்வொரு கருவியும் தனக்கான கூற்றைத் தானே பிடித்துக்கொள்ளும். ஓடும் கப்பல் 2 முதல் 10 விநாடிக்கு ஒருமுறையும், நங்கூரமிட்ட கப்பல் 3 நிமிடத்துக்கு ஒருமுறையும் செய்தி அனுப்பும்.

வெளிநாடுகளுக்குச் செல்லும் 300 டன்னேஜுக்கு மேற்பட்ட கப்பல்களுக்கு இதைக் கட்டாயமாக்கிய, சோலாஸ் என்ற சர்வதேசக் கடல் பாதுகாப்பு உடன்படிக்கையின் விதி 2002 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. 2007 வரை தரப்பட்டிருந்த அவகாசம், அமெரிக்காவில் நடந்த செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு 2004 இறுதியாகக் குறைக்கப்பட்டது. பாதுகாப்புக் கருவி என்ற பெயர் ஏஐஎஸ்ஸுக்கு அப்போதுதான் ஒட்டிக்கொண்டது.

2008இல் மும்பையைத் தாக்கியவர்கள் வந்ததோ, இந்த விதிக்குள் அடங்காத ‘குபேர்’ என்ற மீன்பிடிப் படகில். அதன்பின் இந்தியா கலங்கரை விளக்கங்களில் ஏஐஎஸ் நிலையங்களை நிறுவியது. இத்தகைய தரவுகளைத் திரட்டும் கடற்படையின் தகவல் மையம் 2014இல் குருகிராமில் திறக்கப்பட்டது.

கரை நிலையங்களுக்கு எட்டாத நடுக்கடலைச் செயற்கைக்கோள்கள் பார்த்துக்கொள்கின்றன. இஸ்ரோ 2011இல் ஏவிய ரிசோர்ஸ்சாட்-2 ஏஐஎஸ் செய்திகளைப் பெறும் சோதனைக் கருவி ஒன்றைச் சுமந்து சென்றது. கப்பல் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்ற தகவலும் ஏஐஎஸ்ஸில் வருவதால், எண்ணெய் வணிகர்கள் சரக்கின் அளவையே கணிக்கிறார்கள்.

ஆனால் அமிழ்வும் சேருமிடமும் மாலுமி கையால் தட்டச்சிடுபவை. செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டபோது, அதிலிருந்து தப்ப சில கப்பல்கள் சேருமிடத்துக்கான கட்டத்தில் ஊர்ப்பெயருக்குப் பதிலாக “மாலுமிகள் அனைவரும் சீனர்கள்” என்று எழுதின. செய்தியை அனுப்பியது யார் என்று சரிபார்க்க இம்முறையில் வழியே இல்லை. கருவியை அணைத்துவிட்டுக் கள்ளச்சரக்கு ஏற்றுவதும் நடக்கிறது. 2017 ஜூனில் கருங்கடலில் ஜிபிஎஸ் குழப்பப்பட்டபோது, கடலில் நின்ற கப்பல்களை ஏஐஎஸ் திரை ஒரு விமான நிலையத்தில் காட்டியது.

ஏஐஎஸ் ஒரு துணைக்கருவிதான். கண்ணாலும் காதாலும் காவல் காக்க வேண்டும் என்ற கடற்போக்குவரத்து விதி இன்றும் எல்லாக் கப்பல்களுக்கும் பொருந்தும்.