நாலு நூல் போல்ட்டும் 12 மில்லிமீட்டரும்

கம்பம் பள்ளத்தாக்கின் தோட்டக் கிணறுகளில் கமலைக்குப் பிறகு வந்தது ஆயில் இன்ஜின். லோயர்கேம்ப் மின்நிலையம் 1958-ல் ஓடத் தொடங்கிய பிறகும், மின்கம்பி எட்டாத தோட்டங்களில் அதன் சத்தம் வெகுகாலம் கேட்டது. என் வேலைக்காலம் அந்த இன்ஜின்களோடுதான் கழிந்தது.

பழைய இன்ஜின்களில் இருந்தது பிரிட்டிஷ் மரை. ஜோசப் விட்வொர்த் என்பவர் 1841-ல் வகுத்தது. மரையின் கோணம் 55 டிகிரி. அரை அங்குலத்தை நாம் நாலு நூல் என்போம். அந்த போல்ட்டில் அங்குலத்துக்கு 12 மரை.

1956-ல் மெட்ரிக் அளவுச் சட்டம் வந்தது. பிறகு கடைகளில் மில்லிமீட்டர் போல்ட்டும் சேர்ந்துகொண்டது. அதன் கோணம் 60 டிகிரி. நாலு நூல் என்பது 12.7 மி.மீ. அந்த ஓட்டையில் 12 மி.மீ. போல்ட் சரியாகப் பொருந்தாது. இறுக்கினால் மரை போய்விடும். வாழை குலை தள்ளும் நேரத்தில் இன்ஜின் நின்றால் சம்சாரி என்ன செய்வார்?

ஹெட் நட்டுகளை எதிரெதிராக, மூன்று சுற்றில் இறுக்குவோம். ஒரே பக்கம் இறுக்கினால் மறுபக்கம் கேஸ்கட் புகையும்.

ஸ்டட் ஒடிந்து துண்டு வெளியே நின்றால், மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி ஊறவிட வேண்டும். அசையாவிட்டால் எண்ணெயைத் துடைத்துவிட்டு, மேலே ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்து, முன்னும் பின்னுமாக அசைத்து எடுக்கலாம். உள்ளேயே ஒடிந்தால் நடுவில் பஞ்ச் அடித்து, சின்ன ஓட்டை போட்டு, இடப்பக்கம் திருகும் எடுப்பானை இறக்க வேண்டும்.

தோட்டத்தில் இன்னும் பழைய இன்ஜின் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். நட்டை முதலில் விரலால் ஏற்றிப் பாருங்கள். விரலுக்கு ஏறாததை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள்.