பொய்த்தரை

சர்வர் ரூமுக்குள்ள போன மக்களுக்குத் தெரியும், அங்க நடந்தா 'டொம் டொம்'னு சத்தம் கேட்கும். நாம நிக்கிறது நிஜத் தரையே இல்லை. காங்கிரீட்டுக்கு மேல இரும்புக் கால்கள் நட்டு, அதுமேல ரெண்டடிக்கு ரெண்டடி பலகைகளை அடுக்கியிருப்பாங்க. ரப்பர் உறிஞ்சி வச்ச கைப்பிடியை ஒட்டி இழுத்தா எந்தப் பலகையும் தனியா கையோட வரும். ஃபால்ஸ் ஃப்ளோர்னு பேரு. நான் பொய்த்தரைன்னு வச்சுக்கறேன்.

இது மெயின்ஃப்ரேம் காலத்து ஏற்பாடு. அப்போ கம்ப்யூட்டர்னா ஒரு பெட்டி கிடையாது. சிபியூ ஒரு பீரோ, டிஸ்க் ஒரு பீரோ, டேப்புக்கு ஒரு வரிசை பீரோ. 1964-ல் ஐபிஎம் அறிவித்த சிஸ்டம்/360-ல் இதையெல்லாம் இணைச்சது 'பஸ்', 'டேக்' என்கிற ஜோடி கேபிள்கள், கட்டைவிரல் தடிமனுக்கு. தரைமேல விட்டா தடுக்கி விழணும். காங்கிரீட்டுல புதைச்சா, அடுத்த வருஷம் ஒரு டேப் டிரைவ் கூடுதலா வாங்கினதும் கடப்பாரை தேடணும். அதனாலதான் கழட்டி மாட்டுற தரை.

நம்ம ஊர்ல அந்தக் குடும்பத்து மெஷின்னா சென்னை ஐஐடிக்கு 1973-ல் மேற்கு ஜெர்மனி உதவியோட வந்த ஐபிஎம் 370/155. பேராசிரியர் மகாபலா கட்டி வளர்த்த கம்ப்யூட்டர் சென்டர் அது. பசங்க துளை போட்ட கார்டு கட்டைக் கொடுத்துட்டு அவுட்புட்டுக்குக் காத்திருந்த காலம். (இப்போ ஒரு நிமிஷம் பில்டு ஆகலைன்னா நமக்குக் கோவம் வருது.)

இன்னொரு சங்கதி. இந்தப் பலகைகள் பலதுக்கு வெளிய தகடு, மேல லேமினேட், உள்ள மரத்தூள் பலகை. அதாவது, திறக்கத் தெரிஞ்ச மரத்தரை!

ஆனா திறக்க முடிஞ்சா மட்டும் போதாதுன்னும் அதே ரூம்தான் காட்டுச்சு. 1990-ல் ஐபிஎம் 'எஸ்கான்' கொண்டுவந்தப்போ, தடி கேபிள் வேலையை மெல்லிய ஃபைபர் எடுத்துக்கிச்சு. பழைய கேபிளை யாரு உருவுறது? குவியல்ல ஒண்ணை இழுத்தா ஓடிட்டிருக்கிற மெஷின் நின்னு போயிடுமோன்னு பயம். அதனால செத்த கேபிள் மேலயே புது கேபிள். கீழ்ச்சந்து வழியாத்தான் ஏசி குளிர்காத்தும் போகணும், அதுவும் அடைபட்டுப் போச்சு. கேபிள் உறை தீயையும் புகையையும் பரப்பும் வேற. கடைசியில 2002-ல் அமெரிக்காவோட தேசிய மின் விதித்தொகுப்பு, எட்டி எடுக்க முடிகிற இடத்துல கைவிடப்பட்ட கேபிள்களை அகற்றியே ஆகணும்னு எழுத வேண்டியதாப் போச்சு.

இதெல்லாம் இப்போ எதுக்குன்னா, கண்டாச்சிபுரத்துல எங்க வீட்டு மாடி ரூமுக்கு மரத்தரை போடுறோம். பலகைகள் ஒண்ணுக்குள்ள ஒண்ணு கொக்கி மாதிரி மாட்டிக்கிற ரகம். நடுவுல ஒண்ணை எடுக்கணும்னா சுவர் ஓரத்துலேர்ந்து பிரிச்சுக்கிட்டே வரணும். அந்த ரூம் தரையில ஒரடிக் குழி இருக்கு. பாத்ரூமுக்குப் போற பைப்போட ஜாயின்ட் அதுக்குள்ளதான்.

"மேலயே மூடிட்டா அழகா இருக்கும்லடா"ன்னாரு அப்பா. ஜாயின்ட் கசிஞ்சா மரம் உப்பி, மொத்த ரூமையும் பிரிக்கணும்னு விளக்கினேன். பாதி மனசோட ஒத்துக்கிட்டாரு.

ஆசாரியண்ணன்கிட்ட சொன்னது இதுதான்: குழியைச் சுத்தி ஒரு சட்டம். அதுக்கும் தரைப் பலகைக்கும் நடுவுல, மரம் விரிய ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அதை மறைக்க ஒரு பட்டை. மிச்சப் பலகைத் துண்டுகளை பிளைவுட் மேல ஒட்டி ஒரே மூடியாக்கி, நாலு பித்தளை ஸ்க்ரூ. குழிக்குள்ள பழைய கேபிள் டிவி வயர் ஒண்ணு செத்துக் கிடந்துச்சு, அதையும் முதல்லயே உருவச் சொல்லிட்டேன்.

"ஸ்க்ரூ தலை வெளிய தெரியுமே தம்பி, மேல மெழுகு வச்சு மறைச்சிடவா?"

"வேணாம்ணே, தெரியட்டும். நாளைக்கு வர்ற பிளம்பருக்கு எங்க திறக்கணும்னு தெரியணும்ல."