ஆறாம் பராக்கிரமபாகுவும் யாழ்ப்பாண இராச்சியமும்

இலங்கை முழுவதையும் ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சுதேச மன்னருள் இறுதியானவன், கோட்டையிலிருந்து ஆட்சி புரிந்த ஆறாம் பராக்கிரமபாகு (கி.பி. 1412–1467) ஆவான். அவனது காலத்தைச் சிங்கள இலக்கியத்தின் செழிப்புக் காலமென ஆசிரியர்கள் போற்றுவர். எனினும், அவன் நிறுவிய ஒருமைப்பாடு எத்தகையது என்னும் வினாவுக்கு நல்லூரில் நின்று விடை காண முயல்வதே பயனுடைத்து.

அவனுக்கு முந்திய நூற்றாண்டில் ஆரியச்சக்கரவர்த்திகளின் கையே ஓங்கியிருந்தது. 1344இல் இலங்கைக்கு வந்த இபின் பதூதா ஆரியச்சக்கரவர்த்தியைக் கண்டு, அவனது கப்பல்களையும் முத்துக்களையும் வியந்து எழுதியுள்ளான். கம்பளை அரசின் பகுதிகளிலும் அம்மன்னர் திறை தண்டினர். அதனை எதிர்த்துக் கோட்டையை அரண்செய்தவன் அழகக்கோனார். 1411இல் சீனக் கடற்றளபதி செங் ஹோ, வீர அழகேஸ்வரனைச் சிறைபிடித்துச் சென்றபின் தென்னிலங்கையில் தோன்றிய வெற்றிடத்திலேயே பராக்கிரமபாகு அரசனானான்.

யாழ்ப்பாண வெற்றி கி.பி. 1450 அளவிலேயே கைகூடிற்று. அஃதாவது, அரசன் முடிசூடி ஏறத்தாழ நாற்பது ஆண்டு கழிந்த பின்னர். முதலில் வன்னியர் பணிந்தனர். பின்னரே படை வடக்கே சென்றது. அதனை நடத்தியவன் தமிழர் செண்பகப்பெருமாள் எனவும் சிங்களர் சப்புமல் குமாரயா எனவும் வழங்கும் இளவரசன். அவன் மறுகரையிலிருந்து வந்த ஒரு பணிக்கரின் மகன் எனவும் அரசனால் வளர்க்கப்பட்டவன் எனவும் போர்த்துக்கேய ஆசிரியர் கூத்தோ குறிப்பிடுவர். முதற் படையெடுப்பில் சில ஊர்களே கைப்பற்றப்பட்டன. மறுமுறையே தலைநகர் வீழ்ந்ததென இராசாவலிய கூறும். போரில் ஆரியச்சக்கரவர்த்தி கொல்லப்பட்டான் என்பதும் அந்நூலின் கூற்று. தமிழ் மரபோ கனகசூரிய சிங்கையாரியன் தன் மைந்தருடன் தமிழகத்துக்குத் தப்பிச் சென்றான் என்கிறது. பதினேழு ஆண்டின் பின் அவனே மீண்டும் அரியணை ஏறியமையால் தமிழ் மரபையே ஏற்றல் தகும்.

இப்போரை இரு மொழியினரின் போராகக் காணும் வழக்கம் பிற்காலத்தது. பராக்கிரமபாகு முன்னேஸ்வரம் கோயிலுக்குக் கொடை வழங்கினான். தெவிநுவரையில் நாள்தோறும் பன்னிரு அந்தணருக்கு உணவளிக்க அவன் செய்த ஏற்பாட்டினை நயிம்மனைக் கல்வெட்டு தமிழிலேயே பொறித்து வைத்துள்ளது. வென்ற இளவரசனின் தந்தையும் மறுகரையினன் என்பதை இதனோடு சேர்த்து நோக்குக. அரசுகள் மோதின, திறையும் துறைமுகமும் முத்துக்குளிப்பும் அம்மோதலின் பொருள்களாயின.

இனி, ஒருமைப்பாட்டின் அமைப்பினைக் காண்போம். யாழ்ப்பாணம் கோட்டையின் நேர் ஆட்சிக்கு உட்படவில்லை; வென்றவன் கையிலேயே அது விடப்பட்டது. தெவிநுவரையிலிருந்து யாழ்ப்பாணத்து இளவரசனுக்குக் குயிலைத் தூதனுப்புவதாகப் பாடப்பட்ட கோகில சந்தேசம் என்னும் சிங்களத் தூதுநூல், அவனை ஏறத்தாழ ஓர் அரசனாகவே காட்டுகின்றது. நாட்டை இணைத்த கயிறு தந்தைக்கும் வளர்ப்பு மகனுக்கும் இடையிலிருந்த பற்று ஒன்றே. 1467இல் பராக்கிரமபாகு இறந்து, அவனுடைய பேரன் அரசனானதும் அக்கயிறு அறுந்தது. செண்பகப்பெருமாள் படையுடன் தெற்கே சென்று, அப்பேரனைக் கொன்று, 1469 அளவில் புவனேகபாகு என்னும் பெயருடன் கோட்டையில் முடிசூடினான். அவன் நீங்கிய இடத்திற் கனகசூரியன் மீண்டான். இணைத்தவனே பிரித்தவனும் ஆனான் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் அவனது பெயர் நல்லூரை விட்டு நீங்கவில்லை. நல்லூர்க் கந்தசுவாமி கோயிலிற் கூறப்படும் கட்டியம், அக்கோயிலைத் தாபித்தவனாக ஸ்ரீ சங்கபோதி புவனேகபாகுவை இன்றும் போற்றுகின்றது. ஸ்ரீ சங்கபோதி என்பது சிங்கள மன்னர் புனைந்த விருது. செண்பகப்பெருமாள் புவனேகபாகு ஆனது கோட்டையில் முடிசூடியபோதே என்று கொண்டால், யாழ்ப்பாணம் அவன் கையை விட்டு நீங்கிய பின்னரே அவனுக்கு அப்பெயர் வாய்த்தது. எனவே கட்டியத்தின் இவ்வாசகம் கனகசூரியன் மரபினர் மீண்டும் ஆண்ட காலத்திலோ அதன் பின்னரோ அமைந்திருத்தல் வேண்டும். தம் அரசனைத் துரத்தியவனின் பெயரை அம்மரபினரின் தலைநகர்க் கோயில் அழிக்காது காத்தது. 1621இல் போர்த்துக்கேயர் கோயிலை இடித்தனர். 1734 அளவில் ஒல்லாந்தர் ஆட்சியில் அது மீண்டும் எழுந்தது. கட்டியம் அந்த இடைவெளியையும் கடந்து வந்துள்ளது.

பதினெட்டாம் நூற்றாண்டில் யாழ்ப்பாண வைபவமாலையை இயற்றிய மயில்வாகனப் புலவருக்கு இப்பெயர் இடர் விளைத்திருத்தல் கூடும். அவர் புவனேகபாகுவை முதல் ஆரிய மன்னனின் அமைச்சனாக்கி, கோயில் எழுந்த காலத்தைச் சகம் 870க்கு, அஃதாவது கி.பி. 948க்கு, ஒதுக்கிவிட்டார். புவனேகபாகுவர் இருவர் எனக் கொண்டு, முன்னவன் கட்டியதைப் பின்னவன் புதுப்பித்தான் என்பாரும் உளர். சிங்கள அரசருக்குரிய விருதினை யாழ்ப்பாணத்து அமைச்சன் ஒருவன் தாங்கியிருத்தல் இயலாதாகையால், கட்டியம் குறிக்கும் புவனேகபாகு செண்பகப்பெருமாளே எனக் கொள்ளுதல் பொருந்தும்.