அசேஷ் பிரசாத் மித்ரா: அயனிமண்டலத்திலிருந்து நெல்வயல் வரை

அசேஷ் பிரசாத் மித்ரா (21 பிப்ரவரி 1927 – 3 செப்டம்பர் 2007) இந்தியாவைச் சேர்ந்த விண்வெளி அறிவியலாளர். புவியின் மேல்வளிமண்டலத்தையும் அயனிமண்டலத்தையும் ஆராய்வதில் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர். விண்வெளியிலிருந்து வரும் வானொலி இரைச்சலைக் கொண்டு அயனிமண்டலத்தை அளக்கும் முறையை வகுத்தவர்களுள் ஒருவர். பிற்காலத்தில் இந்திய நெல்வயல்கள் வெளியிடும் மீத்தேன் வாயுவின் அளவை நேரடியாகக் கண்டறியும் ஆய்வை வழிநடத்தினார். வானின் உச்சியும் வயலின் சேறும் தொடர்பற்றவை போலத் தோன்றலாம். ஆனால் வேறிடத்தில் எடுத்த கணக்கை அப்படியே ஏற்காமல் தம் நாட்டின் வானையும் மண்ணையும் தாமே அளந்து பார்க்க வேண்டும் என்ற கொள்கைதான் இரண்டுக்கும் அடிப்படையாக இருந்தது.

கொல்கத்தாவின் வானொலி மரபு

கொல்கத்தாவில் பிறந்த மித்ரா, கொல்கத்தா பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயின்றார். அங்கு அவருடைய ஆசிரியராக விளங்கியவர் சிசிர் குமார் மித்ரா (1890–1963). இந்தியாவில் வானொலி இயற்பியலைப் பல்கலைக்கழகப் பாடமாக வேரூன்றச் செய்தவர் அவர். 1947இல் அவர் வெளியிட்ட 'மேல்வளிமண்டலம்' என்னும் ஆங்கில நூல் உலகெங்கும் பயன்படுத்தப்பட்டது. இந்தச் சூழலில்தான் இளம் மித்ரா அயனிமண்டல ஆய்வுக்குள் நுழைந்தார்.

தரையிலிருந்து ஏறத்தாழ 60 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல், சூரியனின் புறஊதாக் கதிர்களும் எக்ஸ் கதிர்களும் காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்துவிடுகின்றன. இவ்வாறு உருவாகும் மின்னூட்டம் பெற்ற பகுதியே அயனிமண்டலம். இது டி, இ, எஃப் என்னும் அடுக்குகளாகப் பிரிக்கப்படுகிறது. மேலடுக்குகள் வானொலி அலைகளைத் திருப்பி அனுப்புகின்றன. அடியிலுள்ள டி அடுக்கு அவற்றை உறிஞ்சுகிறது. சூரியன் மறைந்ததும் டி அடுக்கு பெரும்பாலும் மறைந்துவிடும். பகலில் கேட்காத தொலைதூர மத்திய அலை வானொலி நிலையங்கள் இரவில் தெளிவாகக் கேட்பதற்கு இதுவே காரணம்.

இரைச்சலே அளவுகோல்

அக்காலத்தில் அயனிமண்டலத்தை ஆராயப் பெரும்பாலும் ஒரே வழிதான் இருந்தது. தரையிலிருந்து வானொலித் துடிப்பை மேலே அனுப்பி, அது திரும்பி வர எடுக்கும் நேரத்தைக் கணக்கிடுவர். ஆனால் டி அடுக்கு அலையைத் திருப்புவதைவிட உறிஞ்சுவதே அதிகம் என்பதால், அதைப் பற்றி இம்முறையால் போதிய தகவல் கிடைக்கவில்லை.

1950களின் தொடக்கத்தில் மித்ரா ஆஸ்திரேலியாவுக்குச் சென்றார். சிட்னியில் வானொலி வானியலாளர் சி. ஏ. ஷைன், பால்வழி மண்டலத்திலிருந்து 18.3 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் வானொலி இரைச்சலைப் பதிவு செய்து வந்தார். விண்மீன்களை ஆராய்பவர்களுக்கு இடையில் நிற்கும் அயனிமண்டலம் ஓர் இடையூறு. பதிவிலிருந்து அதன் விளைவைக் கழித்துவிடுவதே அவர்களுக்குத் தேவை. மித்ராவுக்கோ கழிக்கப்படும் அந்தப் பகுதிதான் தேவைப்பட்டது.

பால்வழியின் இரைச்சல் ஏறத்தாழ மாறாதது. விண்மீன்களைக் கொண்டு கணக்கிடும் நாள் நம் கடிகார நாளைவிட சுமார் 4 நிமிடம் குறைவு. ஆதலால் வானின் ஒரே பகுதி சில மாதங்களில் நள்ளிரவிலும், வேறு சில மாதங்களில் நண்பகலிலும் தலைக்குமேல் வருகிறது. இரவில் பதிவான இரைச்சலுக்கும் பகலில் பதிவான இரைச்சலுக்கும் உள்ள வேறுபாடே அயனிமண்டலம் உறிஞ்சிய அளவாகும். மேலே எதையும் அனுப்பத் தேவையில்லை, கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். மித்ராவும் ஷைனும் 1953இல் இம்முறையை வெளியிட்டனர். 1950களின் இறுதியில் அலாஸ்காவில் லிட்டில், லெய்ன்பாக் ஆகியோர் இதே தத்துவத்தில் இயங்கும் 'ரியோமீட்டர்' என்ற கருவியை அறிமுகப்படுத்தினர். துருவப் பகுதிகள் உட்படப் பல நாடுகளில் அது நிறுவப்பட்டது.

தில்லியில் ஒரு மையம்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றிய பின், 1954இல் மித்ரா தில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கு வானொலி அறிவியலுக்கென ஒரு குழுவைக் கட்டியெழுப்பினார். 1957–58இல் நடைபெற்ற பன்னாட்டுப் புவி இயற்பியல் ஆண்டில் இந்தியாவின் பங்களிப்பை ஒருங்கிணைப்பதில் முக்கியப் பங்கு வகித்தார்.

அந்த ஆண்டில் இந்தியத் தரவுகளுக்குத் தனி மதிப்பு இருந்தது. புவியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனைப் பகுதியைக் கடக்கிறது. அக்கோட்டின் மேல், சுமார் 100 கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் வலுவான மின்னோட்டம் பாய்கிறது. ஐரோப்பிய, அமெரிக்க வானத்தை அளந்து இதை அறிய முடியாது. கேரளத்தின் தும்பா 1963இல் ராக்கெட் ஏவுதளமானதற்கும் இதுவே காரணம்.

சூரியனில் ஏற்படும் திடீர் வெடிப்புகள் மித்ராவின் நீண்டகால ஆய்வுப் பொருளாக இருந்தன. வெடிப்பின் எக்ஸ் கதிர்கள் சுமார் 8 நிமிடங்களில் புவியை அடைந்து டி அடுக்கின் எலக்ட்ரான்களைப் பன்மடங்கு பெருக்குகின்றன. பகல் உள்ள பகுதி முழுவதிலும் சிற்றலைத் தொடர்பு சட்டென்று மங்கிப்போகும். செயற்கைக்கோள் தொடர்புக்கு முந்தைய காலத்தில் கப்பல்களும் விமானங்களும் சிற்றலையையே நம்பியிருந்தன. ஆகவே இது உயிர்ப் பாதுகாப்பு சார்ந்த சிக்கலாகவும் இருந்தது. வானொலித் தொடர்பின் நிலையை முன்கூட்டி அறிவிக்கும் மையமாகவும் தில்லி ஆய்வகம் செயல்பட்டது. இத்துறையில் தாம் திரட்டிய அறிவை 'சூரிய வெடிப்புகளின் அயனிமண்டல விளைவுகள்' என்ற ஆங்கில நூலாக 1974இல் மித்ரா வெளியிட்டார்.

அவர் 1982 முதல் 1986 வரை தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராகவும், 1986 முதல் 1991 வரை அறிவியல் மற்றும் தொழிலக ஆராய்ச்சி மன்றத்தின் தலைமை இயக்குநராகவும் பொறுப்பு வகித்தார். 1984 முதல் 1987 வரை பன்னாட்டு வானொலி அறிவியல் ஒன்றியத்தின் தலைவராக இருந்தார்.

நெல்வயல் கணக்கு

1990களின் தொடக்கத்தில், புவி வெப்பமடைவதற்கு எந்த நாடு எவ்வளவு பொறுப்பு என்ற கேள்வி உலக அரங்கில் எழுந்தது. நீர் தேங்கிய வயலில் ஆக்சிஜன் இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. ஐரோப்பா, அமெரிக்கா ஆகிய இடங்களின் வயல்களில் எடுத்த அளவுகளை இந்தியாவின் நெல் பரப்பளவோடு பெருக்கி, இந்திய வயல்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 37 மில்லியன் டன் மீத்தேனை வெளியிடுவதாகக் கணக்கிடப்பட்டிருந்தது. பன்னாட்டுப் பேச்சுவார்த்தையில் இந்த எண் உழவர்களின் மேல் சுமத்தப்படும் குற்றச்சாட்டாக மாறக்கூடியதாக இருந்தது.

மித்ரா வாதத்தில் இறங்காமல் அளவீட்டில் இறங்கினார். அவர் தலைமையில் 1991இல் நாட்டின் பல ஆய்வகங்கள் ஒன்றிணைந்து வெவ்வேறு மாநிலங்களின் வயல்களில் அளவெடுத்தன. பயிரின் மேல் மூடிய பெட்டியைக் கவிழ்த்து, உள்ளே சேரும் காற்றைக் குறிப்பிட்ட இடைவெளிகளில் எடுத்து ஆய்வு செய்தனர். கிடைத்த மதிப்பு ஆண்டுக்குச் சுமார் 4 மில்லியன் டன் மட்டுமே. இந்தியாவின் பல வயல்கள் மழையை நம்பியவை, இடையிடையே காய்பவை, மண்ணில் கரிமப் பொருளும் குறைவு. வயலுக்கு வயல் வேறுபடும் இந்த இயல்பு முந்தைய கணக்கில் இடம்பெறவில்லை.

1999இல் நடைபெற்ற இந்தியப் பெருங்கடல் ஆய்வுத் திட்டத்தில், தமிழ்நாட்டில் பிறந்த வீரபத்ரன் ராமநாதனும் பால் குருட்சனும் தலைமை அறிவியலாளர்களாக இருந்தனர். தெற்காசியாவின் மேல் படரும் மாசுப் படலத்தை ஆராய்ந்த அத்திட்டத்தின் இந்தியப் பங்கை மித்ரா வழிநடத்தினார்.

சிறப்புகள்

1968இல் சாந்தி சுவரூப் பட்நாகர் விருது பெற்ற மித்ரா, 1988இல் இலண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். 1989இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அவர் தொடங்கிவைத்த பசுங்குடில் வாயுக் கணக்கெடுப்பு, பின்னர் இந்தியா ஐக்கிய நாடுகள் அவைக்கு அளித்த காலநிலை அறிக்கைகளுக்கு அடித்தளமாக அமைந்தது.