பேரியம்: தனிமம், அயனி, சேர்மங்கள்

அணு எண் 56 கொண்ட பேரியம், கார மண் உலோகங்களுள் ஒன்று. 1808இல் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பு முறையில் இதைப் பிரித்தெடுத்தார். காற்றுப் பட்டதும் மங்கும். நீருடன் வினைபுரிந்து ஹைட்ரஜனை வெளியேற்றும். எனவே எண்ணெயில் அமிழ்த்தி வைப்பார்கள். இயற்கையில் இது தனி உலோகமாகக் கிடைப்பதில்லை. சல்பேட் கனிமமான பேரைட்டு ஆந்திரத்தின் மங்கம்பேட்டையில் ஏராளமாகக் கிடைக்கிறது.

இரண்டு எலக்ட்ரான்களை இழந்த பேரியம் அயனிக்கு உலோகத்தின் கொந்தளிப்பு இல்லை. நீரில் நிறமின்றி அமைதியாக இருக்கும். ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. இதன் பருமன் ஏறக்குறைய பொட்டாசியம் அயனியின் பருமனே. அதனால் உயிரணுச் சவ்வில் பொட்டாசியம் வெளியேறும் வழிகளில் புகுந்து அடைத்துக்கொள்கிறது. இரத்தத்தில் பொட்டாசியம் குறைகிறது, தசைகள் செயலிழக்கின்றன, இதயத் துடிப்பு தடுமாறுகிறது.

ஆனாலும் எக்ஸ் கதிர்ப் படம் எடுக்குமுன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டைக் குழம்பாகக் குடிக்கக் கொடுக்கிறார்கள். கனமான பேரியம் அணுக்கள் கதிர்களை உறிஞ்சுவதால் உணவுப்பாதை படத்தில் தெளிவாகத் தெரியும். ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.4 மில்லிகிராம் மட்டுமே கரையும் சேர்மம் இது. அயனி விடுபடாததால் அப்படியே மலத்தில் வெளியேறிவிடும். பேரியம் குளோரைடோ 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் கரையும் கடும் நஞ்சு.

நீரில் கரையாது என்பது மட்டும் போதாது. பேரியம் கார்பனேட்டும் நீரில் அரிதாகவே கரையும்; ஆனால் அது எலி மருந்தாகப் பயன்பட்டது. இரைப்பையின் ஹைட்ரோகுளோரிக் அமிலம் கார்பனேட்டைக் கார்பன் டை ஆக்சைடாக்கிவிட, பேரியம் அயனி கரைசலில் தங்கிவிடும். சல்பேட்டை அந்த அமிலம் அசைப்பதில்லை. மேனிலைப்பள்ளி ஆய்வகத்தில் சல்பேட்டை அறிவதும் இதைக் கொண்டுதான்: பேரியம் குளோரைடு சேர்த்ததும் உண்டாகும் வெள்ளை வீழ்படிவு நீர்த்த அமிலத்தில் கரையாவிட்டால் அது சல்பேட். பேரியம் நஞ்சு உண்டவருக்கு மருத்துவர்கள் சோடியம் சல்பேட் கொடுப்பதும் குடலுக்குள் அதே வீழ்படிவை உண்டாக்கத்தான்.

சிவகாசிப் பட்டாசுகளின் பச்சை ஒளிக்குப் பயன்பட்ட பேரியம் நைட்ரேட் நீரில் கரையக்கூடியது. மருந்து கலக்கும் தொழிலாளி வெறுங்கையால் தொடக் கூடாத பொருள் அது. பட்டாசுகளில் பேரியம் உப்புகளைப் பயன்படுத்த உச்ச நீதிமன்றம் 2018இல் தடை விதித்தது. மேம்படுத்திய கலவைகளில் சேர்க்க அனுமதி கேட்டு வந்த மனுவையும் 2023இல் ஏற்கவில்லை.