நாட்டுடைமையும் கட்டற்ற உரிமமும்: பாரதி படைப்புகள் முதல் மென்பொருள் ஆவணங்கள் வரை

மரக்காணம் உப்பளக் கடற்கரையிலிருந்து மேற்கே, திண்டிவனம் வட்டாரத்தில் அமைந்தது ஓமந்தூர். இவ்வூரினரான ஓ.பி. இராமசாமி ரெட்டியார் சென்னை மாகாண முதன்மை அமைச்சராக இருந்த காலத்தில், 1949இல், பாரதி படைப்புகளின் உரிமையை அரசு ஏற்பதென அறிவிக்கப்பட்டது. கட்டற்ற மென்பொருளின் உரிமங்களைத் தமிழ்ச் சூழலில் விளக்க முற்படுவோர்க்கு இந்நிகழ்வு இயல்பான ஒப்புமையாகத் தோன்றும். அவ்வொப்புமை எவ்விடத்தில் முறிகிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பாரதியின் அச்சுரிமை தம்பி விசுவநாதனிடமும் ஒலிப்பதிவு உரிமை ஏ.வி. மெய்யப்பனிடமும் பிரிந்து கிடந்தன. 'பில்ஹணன்' திரைப்படத்தில் பாரதி பாடல் பயன்பட்டதை ஒட்டி எழுந்த வழக்கு இச்சிக்கலை வெளிக்கொணர்ந்தது. உரிமையைப் பெற்ற அரசு, 1950களின் நடுவில் அதை மக்களுக்கே விட்டுவிட்டது. நாட்டுடைமை என்னும் சொல் சற்று மயக்கம் தருவது. அரசு தன்னிடம் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. ஆகவே, பாரதி பாடலை எவரும் நிபந்தனையின்றி அச்சிடலாம். அதற்கு உரையெழுதுபவர் தம் உரைக்குத் தனிக் காப்புரிமையும் கோரலாம்.

ரிச்சர்டு ஸ்டால்மன் 1989இல் வெளியிட்ட க்னூ பொது உரிமம் எதிர்வழியில் இயங்குகிறது. ஆசிரியர் காப்புரிமையைத் துறப்பதில்லை; அதனையே நிபந்தனை விதிக்கும் கருவியாக்குகிறார். நிரலைத் திருத்தி வழங்குபவர் மூலநிரலையும் அதே உரிமத்தின்கீழ் அளித்தாக வேண்டும்.

நிரலுக்கு ஏற்ற இவ்விதி கையேட்டுக்கு முழுதும் பொருந்தவில்லை. கையேடு அச்சேறும் நூல். அதில் முன்னுரையும் ஆசிரியர் கொள்கையுரையும் இடம்பெறும். எனவே 2000இல் க்னூ கட்டற்ற ஆவண உரிமம் தோன்றியது. எளிதில் திருத்தவல்ல வடிவிலும் படி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று அச்சிட்டு மிகுதியாக வழங்குபவரை அது பணித்தது. அதே வேளை, சில பகுதிகளை 'மாற்றவியலாதவை' என ஆசிரியர் அறிவிக்கவும் இடமளித்தது. இவ்விடமே பூசலின் தோற்றுவாய். அத்தகைய பகுதிகள் கொண்ட ஆவணங்கள் கட்டற்றவை ஆகா என டெபியன் குழுமம் 2006இல் வாக்கெடுத்து முடிவு செய்தது. மேலும், இவ்விரு உரிமங்களும் ஒன்றோடொன்று இசையாமையால், கையேட்டின் விளக்கத்தை வேறொருவர் தம் நிரலுக்குள் பெயர்த்தெழுதவும் தடை நேர்ந்தது. ஒரே இயக்கத்தின் இரு உரிமங்கள் இவ்வாறு முரண்பட்டமை வியப்பிற்குரியது.

2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இவ்வாவண உரிமத்தின்கீழ் இருந்ததே. ஒரு கட்டுரையை மட்டும் துண்டறிக்கையாக அச்சிட்டாலும் பல பக்க உரிம வாசகத்தை முழுமையாக இணைக்க வேண்டியிருந்தது. அவ்வாசகத்தின் சட்ட வலிவுடைய வடிவமோ ஆங்கிலத்தில் மட்டுமே உண்டு. 2009இல் விக்கிப்பீடியா திட்டங்கள் கிரியேட்டிவ் காமன்சின் 'பெயர் குறிப்பிடுதல், அவ்வண்ணமே பகிர்தல்' உரிமத்துக்கு மாறின. 2012இல் தொடங்கிய 'கணியம்' மின்னிதழும் அவ்வகை உரிமத்தையே தேர்ந்தது.

கல்லூரி ஆசிரியர் ஒருவர் கணியத்தின் கட்டுரையைத் திருத்திப் பாடக்குறிப்பாக வெளியிடும்போது ஆசிரியர் பெயரையும், தாம் செய்த மாற்றங்களையும், உரிமத்தையும் குறிப்பிட வேண்டும்; தம் குறிப்பையும் அதே உரிமத்தில் விட வேண்டும். 'அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை' என முகப்பில் அச்சிட்டால் அது உரிம மீறல். பாரதி பாடலுக்கு எழுதிய விளக்கத்தின்மேல் அதே வாசகத்தை அச்சிட்டால் சட்டப்படி குற்றமில்லை.